வீட்டில் ஒரு பயிற்சிப் பலகை

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. எனக்கு முன்னே பேசிய அன்பர் சிலம்பின் சுவையை வாரி வழங்கிவிட்டார். எனக்குப் பின்னே சிறுமியரின் நடனம் காத்திருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே கம்பியையும் பொத்தானையும் பற்றிப் பேச வந்து நிற்கும் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். செயலாளர் அவர்கள் இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். சலங்கை கட்டி நிற்கும் குழந்தைகளைப் பார்த்தால் பதினைந்திலேயே முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, எங்கள் குடியிருப்பு வரிசையிலுள்ள ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். மின்பொறியியலில் பட்டயம் பெற்றவள். பட்டயத்திற்குப் பின், வெளியூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு வாரம் தங்கி, 28,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியின் பாடத்தைக் கற்றுச் சான்றிதழும் வாங்கி வந்திருந்தாள். அன்று காலை அவளுக்கு ஒரு நேர்முகத் தேர்வு. தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அவளை வீழ்த்திவிட்டது. “இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானுக்கு எந்த வகைத் தொடுமுனையைப் பூட்டுவாய்? ஏன்?” இவ்வளவுதான் கேள்வி. அவள் ஏதோ ஒரு விடை கூறினாள். அவர் புன்னகைத்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

“மாமா, ஆறு வாரமும் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் எல்லாப் பொத்தானும் ஒரே மாதிரிப் படம்தான். உண்மையான பொத்தான் ஒன்றைக்கூட நான் கையால் தொட்டதில்லை” என்றாள்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. அதன் விளைவாக எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் எழுந்த ஒரு பலகையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். நம் காலனியில் பட்டயமும் பட்டமும் பெற்ற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ‘அனுபவம் இருக்கிறதா?’ என்று ஆலைகள் கேட்கின்றன. ஆலைக்குள் நுழையாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இந்தச் சிக்கலின் ஒரு முடிச்சையாவது வீட்டிலேயே அவிழ்க்கலாம் என்பது என் எண்ணம்.

பி.எல்.சி. என்றால் என்னவென்று தாய்மார்களுக்காகச் சில சொற்கள். ஆலையில் ஒரு பட்டை ஓடுகிறது, ஒரு தொட்டி நிரம்புகிறது, ஒரு கதவு திறக்கிறது. எது முதலில், எது அடுத்து, எது நடந்தால் எது நிற்க வேண்டும் என்னும் ஏவல்களையெல்லாம் தன்னுள் எழுதி வைத்துக்கொண்டு, அவ்வாறே இயந்திரங்களை நடத்தும் சிறு பெட்டி அது. நம் காலனியின் இரவுக் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு சுற்று வருகிறார், எல்லாக் கதவுகளையும் பார்க்கிறார், பார்த்ததைக் கொண்டு இன்னது செய்யவேண்டும் என்று முடிவு செய்கிறார், செய்கிறார், மீண்டும் சுற்றக் கிளம்புகிறார். இந்தப் பெட்டியும் அப்படியே. உள்ளே வரும் கம்பிகளைப் பார்க்கும், எழுதி வைத்த ஏவலை மேலிருந்து கீழாகப் படிக்கும், வெளியே செல்லும் கம்பிகளுக்குக் கட்டளையிடும், மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சில மில்லி விநாடிகளே ஆகும். இரு சுற்றுகளுக்கு நடுவே வந்து மறைந்த திருடன் காவலர் கண்ணில் படாததுபோல, மிகக் குறுகிய ஒரு துடிப்பு இதன் கண்ணிலும் படாமற் போவதுண்டு.

இதன் பிறப்பு வரலாறு சுவையானது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹைட்ராமேட்டிக் பிரிவு, சுவர் சுவராக நின்ற ரிலேப் பெட்டிகளுக்கு மாற்று வேண்டுமென்று கேட்டது. காரின் வடிவம் மாறுந்தோறும் அந்தப் பெட்டிகளின் கம்பிகளையெல்லாம் பிரித்துப் பூட்டுவது பெரும்பாடாக இருந்தது. டிக் மார்லி என்ற பொறியாளரும் அவருடைய தோழர்களும் தங்கள் நிறுவனத்தின் எண்பத்து நான்காவது திட்டமாக ஒரு கருவியைச் சமைத்தார்கள். அதனாலேயே 084 என்ற எண்ணைச் சூட்டினார்கள். ‘மாடிக்கான் 084’ என்ற அக்கருவி 1969-இல் அந்த நிறுவனத்தைச் சென்றடைந்தது.

அவர்கள் செய்த ஒரு செயலை மட்டும் நீங்கள் கருத்தில் கொள்ளவேண்டும். புதிய கருவிக்குப் புதிய மொழி ஒன்றைக் கற்பிக்க முயன்றிருந்தால் ஆலையின் மின்தொழிலாளர்கள் அதனைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே அத்தொழிலாளர்கள் நாள்தோறும் படித்துவந்த ரிலே வரைபடத்தையே மொழியாக வைத்தார்கள். இரு பக்கமும் இரு நெடுங்கோடுகள், நடுவே படிகள்; ஏணிபோல் இருப்பதால் அதற்கு ‘லேடர்’ என்று பெயர். 1993-இல் ஐ.இ.சி. 61131-3 என்ற அனைத்துலகத் தரம் இக்கருவிகளுக்கான மொழிகளை வரையறுத்தபோது, ஏணி வரைபடமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. இன்றும் அது வழக்கொழியவில்லை.

இதை ஏன் விரித்துரைக்கிறேன்? நம் பிலாய் நகரில் முதல் ஊதுலை 1959 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்நாளில் உலகில் எங்கும் பி.எல்.சி. கிடையாது, எல்லாம் ரிலேக்களே. அந்தத் தலைமுறையையும் அடுத்த தலைமுறையையும் சேர்ந்த மின்தொழிலாளர்கள், வெள்ளைத்தாளில் நீலக்கோடாக விரிந்த ரிலே வரைபடங்களை உறக்கத்திலும் படிக்க வல்லவர்களாக இருந்தார்கள். அவர்களுள் சிலர் இன்று ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, மாலையில் நம் சங்க வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். “கணினி எங்களுக்குத் தெரியாது” என்கிறார்கள். ஐயா, உங்களுக்கு ஏணி வரைபடம் தெரியும். பேரனுக்குத் தெரியாதது அதுதான்.

இனிப் பலகைக்கு வருகிறேன்.

இரண்டடிக்கு ஒன்றரையடி அளவில் ஒரு பிளைவுட் பலகை. அதன் குறுக்கே 35 மில்லிமீட்டர் அகலமுள்ள உலோகத் தண்டவாளம்; ஆலைப் பெட்டிகளில் கருவிகளைக் கவ்வவைக்கும் அதே பட்டைதான். அதன்மேல் கட்டுப்பாட்டுக் கருவி, ஃபியூஸ், நான்கு சிறு ரிலேக்கள், கம்பிகளை இணைக்கும் முனையக் கட்டைகள். கீழே 22 மில்லிமீட்டர் துளைகளில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், திருப்புச் சாவி ஒன்று, நான்கு விளக்குகள், காளான் தலைபோன்ற அவசர நிறுத்தப் பொத்தான். இவற்றுள் பெரும்பாலானவை பவர்ஹவுஸ் கடைகளில் கிடைத்தன. சில பொத்தான்கள் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தவை. துடைத்து, தொடுமுனையைச் சோதித்து எடுத்துக்கொண்டோம்.

பொத்தானையும் விளக்கையும் பழையதாக வாங்கலாம். கட்டுப்பாட்டுக் கருவியைப் பழையதாக வாங்காதீர்கள் என்பது என் துணிபு. பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, கடவுச்சொல் தெரியாமலும், அதற்குரிய இணைப்புக் கம்பி கிட்டாமலும், பழைய மென்பொருள் புதிய கணினியில் ஏறாமலும் மாதக்கணக்கில் அல்லாடியவர்களை அறிவேன். நாங்கள் வாங்கியது டெல்டா நிறுவனத்தின் டி.வி.பி. வரிசையில் ஒரு சிறு கருவி. எட்டு உள்வாயில்கள், ஆறு வெளிவாயில்கள். அதற்குரிய மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்நிறுவனத்திற்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிறு ஆலைகள் பலவற்றில் அதைக் காண்கிறோம் என்பதும், கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது என்பதுமே காரணம். கருவி உட்பட எங்கள் பலகைக்கு 11,000 ரூபாய்க்குள் ஆயிற்று. அந்தப் பெண்ணின் தந்தை பயிற்சி நிலையத்திற்குக் கட்டிய தொகையை மறுபடி நினைவூட்ட வேண்டியதில்லை.

காசே செலவிட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘கோடிசிஸ்’ போன்ற மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொண்டு, கருவி இல்லாமலே ஏணி வரைபடத்தை ஓட்டிப் பார்க்கலாம். ‘ஓப்பன் பி.எல்.சி.’ என்பதை ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கக் கணினியில் ஏற்றி, அதையே கட்டுப்பாட்டுக் கருவியாக்கலாம். ஆனால் அதன் முனைகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. ஆலையின் 24 வோல்ட்டை நேரே கொடுத்தால் கருகிவிடும். முதல் மாதம் திரையில் கற்பதில் தவறில்லை. திரையிலேயே நின்றுவிடுவதுதான் தவறு.

மின்சாரத்தைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அஞ்சத்தான் வேண்டும். ஆனால் பலகையில் ஓடுவது 24 வோல்ட் நேர்மின்னோட்டம் மட்டுமே. உலர்ந்த கையால் தொட்டால் உணர்வதுகூட அரிது. ஆபத்தெல்லாம் 230 வோல்ட் நுழையும் இடத்தில் இருக்கிறது. ஆகவே திறந்த திருகுகள் கொண்ட மின்வழங்கியைத் தவிர்த்து, மடிக்கணினிக்கு வருவதுபோல முற்றும் மூடிய 24 வோல்ட் அடாப்டரை வாங்கினோம். 230 வோல்ட் எங்கள் பலகைமேல் ஏறுவதே இல்லை. பிள்ளைகள் தனியே வேலை செய்யும் வீடுகளில் இதுவே தக்கது. அத்துடன், பழைய குடியிருப்புகளில் உள்ளவர்கள் செருகுதளத்தின் மூன்றாம் துளைக்கு எர்த் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்பதை ஒரு மின்பணியாளரைக்கொண்டு பார்த்துவிடுங்கள். பலகைக்காக மட்டுமன்று, துணி துவைக்கும் இயந்திரத்திற்காகவும் சொல்கிறேன்.

முதல் ஞாயிறு முழுவதும் கம்பி வெட்டுவதிலேயே கழிந்தது. கம்பி நுனியின் உறையை உரித்து, ஃபெருல் என்னும் சிறு குழாயைச் செருகி, இடுக்கியால் நசுக்கி, எண் மாட்டி, திருகில் பூட்டி, மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். இழுத்துப் பார்ப்பதை அவள் முதலில் மறந்தாள். இருபது கம்பிகளில் மூன்று கையோடு வந்துவிட்டன. அதன்பின் மறக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு, அந்தத் தேர்வாளரின் கேள்விக்கு வந்தோம்.

பொத்தான்களுக்கு இருவகைத் தொடுமுனைகள் உண்டு. அழுத்தும்போது இணைவது ஒன்று, இதை என்.ஓ. என்பர். எப்போதும் இணைந்திருந்து அழுத்தும்போது பிரிவது மற்றொன்று, அது என்.சி. இயக்கும் பொத்தானுக்கு முன்னதும் நிறுத்தும் பொத்தானுக்குப் பின்னதும் பூட்டவேண்டும் என்பது தொழில் நெறி. ஆனால் இரண்டு வகையாகப் பூட்டினாலும், ஏணி வரைபடத்தில் அதற்கேற்ப ஒரு குறியை மாற்றிவிட்டால், இயந்திரம் ஒரேவிதமாகவே ஓடும், ஒரேவிதமாகவே நிற்கும். அப்படியானால் இந்த நெறி எதற்கு? திரையில் படித்த பிள்ளைக்கு இது விளங்காததில் வியப்பில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. கம்பியில் மூடிய தொடுமுனையைப் பூட்டினால், அதன்வழி மின்சாரம் எப்போதும் உள்ளே வந்துகொண்டிருக்கும். ஆகவே ஏணி வரைபடத்தில் அதற்குத் திறந்த தொடுமுனையின் குறியைத்தான் போடவேண்டும். வெளியே மூடியது, உள்ளே திறந்தது. இந்த இடத்தில் தடுமாறாத மாணவனை நான் கண்டதில்லை.

நாங்கள் இரண்டு வகையாகவும் பூட்டிப் பார்த்தோம். முதலில் தவறான வகை. பச்சையை அழுத்தினாள், விளக்கு எரிந்தது. சிவப்பை அழுத்தினாள்; அணைந்தது. “சரியாகத்தானே இருக்கிறது, மாமா?” என்றாள். மீண்டும் எரியவிட்டேன். திருப்புளியால் சிவப்புப் பொத்தானின் கம்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. “இப்போது நிறுத்து” என்றேன். அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விளக்கு அணையவில்லை.

பிறகு சரியான வகையில் பூட்டி, அதே கம்பியைக் கழற்றினேன். கழன்ற கணத்திலேயே விளக்கு அணைந்தது. அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நானும் பேசவில்லை. என் காரணம் வேறு. அதை இந்த மேடையில் கூறிவிடுகிறேன்.

எனக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு, வேறொரு மாநிலத்தில் ஒரு தனியார் ஆலையில் பணியாற்றினேன். இரவுப் பணியில் ஒரு பட்டையின் நிறுத்தப் பொத்தான் உடைந்தது. பண்டகசாலையில் சிவப்பு நிற என்.சி. கட்டை இல்லை, பச்சை நிற என்.ஓ. கட்டைதான் இருந்தது. உற்பத்தி நிற்கக்கூடாது என்று மேலாளர் அவசரப்படுத்தினார். நான் என்.ஓ. கட்டையைப் பூட்டி, நிரலில் ஒரு குறியை மாற்றினேன். அழுத்திப் பார்த்தேன், நின்றது. ‘பழுது நீக்கப்பட்டது’ என்று ஏட்டில் எழுதிவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு உறங்கப் போனேன். மறுநாள் சரியான கட்டை வந்ததும் மாற்றவேண்டும் என்று எண்ணினேன். மாற்றவில்லை.

நான்கு மாதங்களுக்குப் பின், அதிர்வினால் அந்தக் கம்பி கழன்றிருக்கிறது. கழன்றது எவருக்கும் தெரியாது. பட்டை ஓடிக்கொண்டுதானே இருந்தது! ஒருநாள் பகலில் ஒரு தொழிலாளியின் தோளில் கிடந்த கம்சா உருளையில் சிக்கியது. அதை விடுவிக்கக் கையை நீட்டினார். அருகிலிருந்தவர் பாய்ந்து நிறுத்தப் பொத்தானை அறைந்தார். பட்டை நிற்கவில்லை. இருபதடி தொலைவிலிருந்த தலைமை மின்விசையை இன்னொருவர் ஓடிச்சென்று இறக்குவதற்குள் அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

விசாரணையில் ‘கம்பி கழன்றதே காரணம்’ என்று எழுதினார்கள். பொத்தானை மாற்றியவன் யாரென்று எவரும் கேட்கவில்லை. நானும் கூறவில்லை.

கம்பி கழலும். அதிர்விலும் துருவிலும் எலிப் பல்லிலும் கழலும். அது கழலும்போது இயந்திரம் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் எங்கள் தொழில். திரையில் கம்பியே இல்லை. ஆகவே கழலுவதும் இல்லை. நான் பலகை வேண்டும் என்று சொல்வது இதற்காகவே. ஓடவைப்பதற்காக மட்டுமன்று, வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பதற்காக.

அதன்பின் எங்கள் ஞாயிறுகள் கெடுக்கும் ஞாயிறுகளாயின. ஒரு வாரம் நான் இரவில் ஏதேனும் ஒன்றைக் கெடுத்து வைப்பேன். காலையில் அவள் கண்டுபிடிக்கவேண்டும். ஃபியூஸை எடுத்தேன். கம்பி எண்களை மாற்றி மாட்டினேன். உலோகத்தை அருகில் கண்டால் சைகை தரும் உணரி ஒன்றைக் கொடுத்தேன். உணரியின் சொந்த விளக்கு எரிந்தது, கருவியின் உள்வாயில் விளக்கு எரியவில்லை. ஒரு பகல் முழுதும் நிரலையே புரட்டிக்கொண்டிருந்தாள். குற்றம் நிரலில் இல்லை. உணரிகளில் பி.என்.பி., என்.பி.என். என இருவகை, நாங்கள் கொண்டுவந்தது பின்னது. கருவியில் ‘எஸ்/எஸ்’ எனக் குறித்த முனையை அதற்கு ஏற்ப 24 வோல்ட் பக்கம் இணைக்காமல் பூச்சிய வோல்ட் பக்கம் இணைத்திருந்தோம். ஒரே ஒரு கம்பி இடம் மாறியதும் விளக்கு எரிந்தது. இத்தகைய பகற்பொழுதுகளுக்கு எந்த நிலையமும் சான்றிதழ் தருவதில்லை.

ஒரு குற்றத்தை மட்டும் நான் வைக்கவில்லை, அவளே வைத்தாள். ஒரே விளக்கிற்கான கட்டளையை ஏணியின் மூன்றாம் படியில் ஒருமுறையும், பதினோராம் படியில் இன்னொரு முறையும் எழுதிவிட்டாள். மூன்றாம் படி ‘எரி’ என்றது; பதினோராம் படி ‘அணை’ என்றது. கருவி மேலிருந்து கீழாகப் படித்து, கடைசியில் படித்ததையே வெளியே சொல்லும். விளக்கு எரியவே இல்லை. மூன்றாம் படியோ திரையில் முறையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது! இரண்டு மாலைகள் போராடினாள். விடையை நான் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது எளிதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் மாலை எதிர்வீட்டு ஓய்வு பெற்ற மின்தொழிலாளர் ஒருவர் தேநீருக்கு வந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஒரு ரிலேக்கு இரண்டு இடத்தில் சுருள் எங்கே அம்மா இருக்கும்?” என்றார். கணினியைத் தொட்டறியாதவர் அவர்.

மின்தடையைப் பற்றியும் கூறவேண்டும். விளக்கு எரியும்போது அடாப்டரைப் பிடுங்கி மீண்டும் செருகச் சொன்னேன். விளக்கு தானாக எரிந்தது. மின்சாரம் போனாலும் மறவாத நினைவிடங்கள் இக்கருவியில் உண்டு. அவற்றுள் ஒன்றை அவள் பயன்படுத்தியிருந்தாள். விளக்காக இருந்ததால் போயிற்று. மின்சாரம் போனதென்று எண்ணி ஒருவர் கையை உள்ளே விட்டுச் சிக்கலெடுக்கும்போது, மின்சாரம் திரும்பி வந்து பட்டை தானே கிளம்பினால்? அவசர நிறுத்தப் பொத்தானிலும் இதே பாடம் காத்திருந்தது. வெளிவாயில்களுக்குச் செல்லும் மின்சாரத்தை நேரே துண்டிக்குமாறு அதைப் பூட்டியிருந்தோம். அது சரியே, உயிர் காக்கும் நிறுத்தத்தைச் சாதாரணக் கருவியின் நிரலை நம்பி விடலாகாது. ஆனால் பொத்தானைத் திருகி விடுவித்ததும் விளக்கு தானாக எரிந்தது. ஏனென்றால் நிரலுக்கு நின்றதே தெரியாது. அப்பொத்தானின் இரண்டாம் தொடுமுனையை ஓர் உள்வாயிலுக்குக் கொண்டுவந்து, நிரலின் பிடியையும் அறுத்த பிறகுதான், பச்சையை மீண்டும் அழுத்தினாலன்றி விளக்கு எரியாது என்ற நிலை வந்தது.

மூன்று மாதங்களுக்குப் பின் இரண்டு வாளிகளையும் ஒரு சிறு 24 வோல்ட் நீரேற்றியையும் வைத்து, நம் வீடுகளின் கீழ்த்தொட்டி, மேல்தொட்டி வேலையைச் செய்தாள். மேலே குறைந்தால் ஏற்றவேண்டும், நிரம்பினால் நிற்கவேண்டும், கீழே நீர் இல்லையேல் நீரேற்றி வறண்டு ஓடக்கூடாது, மிதவை ஊசலாடும்போது விட்டுவிட்டு ஓடாமலிருக்க ஐந்து விநாடி பொறுக்கவேண்டும். அவள் தந்தைக்கு அளவிலா மகிழ்ச்சி. அன்றைக்கே வீட்டு மோட்டாரில் இணைத்துவிடலாம் என்றார். நான் இணங்கவில்லை. அது 230 வோல்ட். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து, தக்க கான்டாக்டரும் பாதுகாப்பும் பூட்டிய பிறகு பார்க்கலாம் என்றேன். இன்னும் என்மேல் சிறிது மனத்தாங்கல் அவருக்கு.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது என்று சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கும் ஆசைதான். இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இடங்களில் தேர்வெழுதிக் காத்திருக்கிறாள். சென்ற மாதத் தேர்வில் அதே கேள்வியை வேறொருவர் கேட்டாராம். விடை கூறிவிட்டு, “கம்பி கழன்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லட்டுமா?” என்று கேட்டிருக்கிறாள்.

பலகை இப்போது என் வீட்டில் இல்லை. செயற்குழுவினரின் அன்பினால் நம் சங்க நூலகத்தின் பின்னறைக்கு வந்துவிட்டது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் இருபாலரும் வரலாம். பட்டயம் வேண்டியதில்லை, பத்தாம் வகுப்பு போதும். இரண்டாவது பலகை ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். பிளைவுட் கிடைத்துவிட்டது. 24 வோல்ட் ரிலேக்கள் நான்கும், என்.சி. கட்டையுள்ள சிவப்புப் பொத்தான் ஒன்றும் தேவை. யார் வீட்டுப் பரணிலாவது பழைய ரிலே வரைபடங்கள் சுருட்டிக் கிடந்தால் அவற்றையும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவரையும் சேர்த்து அனுப்பி வையுங்கள். தேநீர் எங்கள் பொறுப்பு.

குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.